தலையில் மாட்டுவதா, எதிரே வைப்பதா?

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. செஞ்சியில் அப்பாவோடு நெல் வியாபாரம் பார்க்கிறேன். கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்க் கார் பந்தயம் பார்க்க ஆரம்பித்தேன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து ஆசை இன்னும் கூடிவிட்டது. மாடியில் பத்துக்கு ஒன்பது அடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் லாஜிடெக் ஜி29 வீலும் பெடலும் வைத்து, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு போட்ட கம்ப்யூட்டரில் அசெட்டோ கோர்சா, அசெட்டோ கோர்சா காம்பிட்டிசியோனே என்ற பந்தய விளையாட்டுகளை ஓட்டுகிறேன். இப்போது இருப்பது 24 அங்குல மானிட்டர் ஒன்றுதான். சுவரோரமாக, என் முகத்திலிருந்து மூன்றடி தள்ளி இருக்கிறது. எழுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா, மூன்று மானிட்டர் வாங்கலாமா? நான் கண்ணாடி போடுபவன். இன்னொன்றும் கேட்க வேண்டும்: என்றாவது நிஜமான தடத்தில் ஓட்ட வேண்டும் என்பது என் கனவு. வீட்டில் பழகுவது அதற்கு உதவுமா?

பதில்: மூன்று மானிட்டர் வாங்குங்கள். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். உங்கள் கார்டு, உங்கள் அறை, உங்கள் கண்ணாடி, நீங்கள் ஓட்ட ஆசைப்படும் தடம் ஆகிய நான்கையும் வைத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். இவற்றில் இரண்டு மாறினால் என் பதிலும் மாறும். அது எப்போது என்று பின்னால் சொல்கிறேன்.

ஹெட்செட்டின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல்முறை அதை மாட்டிக்கொண்டு காருக்குள் உட்காருபவர் கொஞ்ச நேரம் ஓட்டவே மாட்டார். கதவின் உள்பக்கத்தையும் பின்னிருக்கையையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வியப்பு நியாயமானது. வளைவுக்குள் நுழையும்போது தலையைத் திருப்பி, வெளியேறும் இடத்தை முன்கூட்டியே பார்க்கலாம். பக்கத்தில் ஒட்டி வரும் காரின் மூக்கு உங்கள் கதவருகே இருக்கிறதா, பின்சக்கரத்தருகே இருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். ஓரக்கல்லின் உயரமும் சாலையின் ஏற்ற இறக்கமும் உடம்புக்கே புரியும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குத் தடம் 20 கிலோமீட்டருக்கு மேல் மலைக்காட்டில் ஏறி இறங்குவது. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓ ரூஜ் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தாவும் இடம் ஒன்று உண்டு. இவற்றை ஹெட்செட்டில் ஓட்டியவருக்குத் தட்டையான திரை கொஞ்சம் வெறுமையாகத்தான் தெரியும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடினவே, அதுபோலச் சுவர்களுக்கு நடுவே ஓட்டும் தடங்களிலும் ஹெட்செட்டுக்கு அனுகூலம் உண்டு. முன்சக்கரத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அது கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளப்பது கிட்டத்தில் இருக்கும் பொருள்களுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். திண்டிவனம் சாலையில் வரும்போது, முன்னால் போகும் நெல் லாரியின் பின்கதவு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பதைக் கண் உடனே சொல்லிவிடும். ராஜகிரி மலை இன்னும் மூன்று கிலோமீட்டரா ஐந்து கிலோமீட்டரா என்பதைச் சொல்லாது. தொலைவில் உள்ளதை அதன் அளவையும், அது வளர்ந்துகொண்டே வரும் வேகத்தையும் வைத்துத்தான் மூளை கணிக்கிறது. அந்தக் கணக்குக்கு ஒரு கண்ணும் ஒரு தெளிவான படமும் போதும்.

பந்தயத்தில் நேரத்தைத் தீர்மானிக்கிற பார்வை பெரும்பாலும் தொலைவுப் பார்வைதான். நேர்ப்பாதையின் முடிவில் எங்கே பிரேக் மிதிப்பது? மணிக்கு 180 கிலோமீட்டரில் போகிற கார் நொடிக்கு 50 மீட்டர் தாண்டும். அந்த வேகத்தில் 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் தூர எண் பலகையைக் கண் பிடிக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரப் பலகை என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு தூரத்தில் அது கண்ணில் அடைக்கும் கோணம் 0.3 டிகிரிக்கும் குறைவு. மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 25 புள்ளிகள் காட்டுகிறது. ஆகவே பலகை அதில் ஏழு புள்ளி உயரம் இருக்கும். 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்த 27 அங்குல 1080பி மானிட்டரில் அதே பலகை பத்துப் புள்ளி உயரம் வரும், 1440பி மானிட்டரில் பதின்மூன்று. ஏழுக்கும் பத்துக்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். எண்ணைப் படித்து அறிவதற்கும், ஏதோ ஒரு வெள்ளைத் திட்டு என்று ஊகிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

நீங்கள் பார்த்து வளர்ந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் சமவெளியில் போட்டது. 1990-இல் திறந்த அந்த 3.7 கிலோமீட்டர் தடத்தில் மலையேற்றம் எதுவும் கிடையாது. அங்கே ஓட்டுபவருக்கு வேண்டியது வேகத்தைத் துல்லியமாகக் கணிக்கிற கண்ணும், நேர்ப்பாதை முடிந்து சி1 எனும் முதல் வளைவுக்குள் எவ்வளவு வேகத்தை எடுத்துப் போவது என்கிற நிதானமும். கோயம்புத்தூர் கரி தடமும் சமவெளிதான். ஹெட்செட்டின் தனிச்சிறப்பான மேடுபள்ள உணர்வு இந்த இரண்டு தடங்களிலும் உங்களுக்கு அதிகம் பயன்படப் போவதில்லை.

அடுத்தது உங்கள் கார்டு. குவெஸ்ட் 3 ஒவ்வொரு கண்ணுக்கும் 2064க்கு 2208 புள்ளி. இரண்டு கண்ணுக்குமாக 91 லட்சம் புள்ளிகள். லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட, கம்ப்யூட்டர் அதைவிடக் கூடுதலாகவே வரைய வேண்டியிருக்கும். மூன்று 1080பி மானிட்டர்களுக்கு 62 லட்சம் போதும். அதைவிட முக்கியம், மானிட்டரில் படம் கொஞ்சம் திக்கினால் எரிச்சலோடு முடிந்துவிடும், ஹெட்செட்டில் திக்கினால் வயிற்றைப் புரட்டும். அதனால் 72 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படத்தையும் 13.9 மில்லி நொடிக்குள், 90 ஹெர்ட்ஸ் என்றால் 11.1 மில்லி நொடிக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். அசெட்டோ கோர்சா 2014-இல் வந்த விளையாட்டு. 3060 அதை ஹெட்செட்டிலும் ஓரளவு இழுத்துவிடும். காம்பிட்டிசியோனே அப்படியில்லை. வி.ஆர். வைத்திருப்பவர்களில் பலமான கார்டு உள்ளவர்களே அதன் பாரத்தைப் பற்றிப் புலம்புகிறார்கள். எல்லா அமைப்பையும் குறைத்து, மங்கலான படத்தோடு, இருபது கார் நிற்கும் தொடக்கக் கோட்டில் திணறுவீர்கள். பிறகு புதுக் கார்டு வாங்கத் தோன்றும். ஹெட்செட்டின் விலையோடு அந்தக் கார்டின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மாடி அறையைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்குக் கவலையாக இருந்தது. சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரவு ஒன்பது மணிக்கும் சூடு இறங்காது. அந்த அறையில் அரைக் கிலோ எடையுள்ள ஒன்றை முகத்தில் இறுக்கிக் கட்டினால் கொஞ்ச நேரத்திலேயே நுரைப்பட்டை ஊறிவிடும், லென்ஸ் பனித்துவிடும், உங்கள் கண்ணாடியும் சேர்ந்து பனிக்கும். கண்ணாடியோடு மாட்டினால் ஹெட்செட்டின் லென்ஸில் கீறல் விழும் ஆபத்தும் உண்டு. உங்கள் பவருக்கு ஏற்ற தனி லென்ஸ் செய்து உள்ளே பொருத்தலாம், அது நல்ல வழிதான். ஆனால் அதற்கும் தனிச் செலவு, பவர் மாறினால் மறுபடி செலவு. அரை மணி நேரப் பந்தயத்தை முழுமையாக ஓட்டி முடிக்க முடியாத கருவியில் எப்படிப் பயிற்சி செய்வீர்கள்? ஹெட்செட்டைப் பரிந்துரைக்கும் பலரும் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதை யாராவது உங்களுக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

தலைச்சுற்றல் எல்லோருக்கும் வராது, உங்களுக்கு வருமா என்பதை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். கார் வளைகிறது என்று கண் சொல்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாய் என்று உள்காது சொல்கிறது. இரண்டும் முரண்படுவதால் வருவதுதான் குமட்டல். பலருக்கு நாளடைவில் பழகிவிடும். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. தலை லேசாகக் கனத்த உடனே கழற்றி வைத்துவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு ஓட்டினால் மறுநாள் அதைக் கையில் எடுக்கும்போதே வயிறு கலங்கும். எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் வியர்வைக்கும் நல்லது, முன்பக்கம் எது என்பதை உடம்புக்கு உணர்த்தவும் நல்லது. சென்னையில் சிமுலேட்டர் மையங்கள் இருக்கின்றன. காசு கொடுத்து ஒரு மணி நேரம் மாட்டிப் பார்க்காமல் யாரும் ஹெட்செட் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி, பணம் செலவழிக்காமல் இன்றிரவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. உங்கள் மானிட்டர் முகத்திலிருந்து மூன்றடி தள்ளி இருக்கிறது என்கிறீர்கள். 24 அங்குலத் திரையின் அகலம் 53 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் தூரத்தில் அது உங்கள் கண்ணில் அடைக்கும் கோணம் 33 டிகிரிதான். ஆனால் விளையாட்டோ அதைவிட மிகப் பரந்த காட்சியை அந்தச் சின்னச் சன்னலுக்குள் பிடித்து அமுக்கிக் காட்டுகிறது. அதனால் எல்லாம் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதுபோலவும், வேகம் உண்மையைவிட அதிகம்போலவும், வளைவுகள் உண்மையைவிடக் கூர்மைபோலவும் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் இடம் முன்னே பின்னே போவதாக உணர்ந்திருந்தால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் கையில் குறை இருக்காது.

திரையை வீலுக்குப் பின்னால் ஒட்டினாற்போல், கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். திரையின் நடு உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். பிறகு விளையாட்டில் பார்வைக் கோணத்தைச் சரியான அளவுக்கு மாற்றுங்கள். அசெட்டோ கோர்சா கேட்பது மேலிருந்து கீழான கோணம். 60 சென்டிமீட்டரில் 24 அங்குலத் திரைக்கு 28 டிகிரி, 27 அங்குலத் திரைக்கு 31 டிகிரி என்று வரும். மாற்றியவுடன் உங்களுக்குப் பிடிக்காது. பக்கக் கண்ணாடிகள் காணாமல் போகும், டேஷ்போர்டு பாதி மறையும், கார் மெதுவாகப் போவதுபோல இருக்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பழையபடி மாற்றிக்கொள்கிறார்கள். நீங்கள் மாற்றாதீர்கள். ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள். வளைவுகள் உண்மையான அளவில் தெரிய ஆரம்பிக்கும், பிரேக் மிதிக்கும் இடம் ஒரே இடத்தில் நிலைக்கும். பக்கத்தில் வரும் கார் தெரியாத குறைக்கு, க்ரூ சீஃப் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கார், வலப்பக்கம் கார் என்று காதில் சொல்லிக்கொண்டே வரும்.

ஒற்றைத் திரையில் பழகி நிஜத் தடத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நிசானும் கிரான் டூரிஸ்மோ விளையாட்டும் சேர்ந்து நடத்திய ஜிடி அகாடமியில் 2011-இல் வென்றவர் யான் மார்டன்பரோ. வீட்டில் பிளேஸ்டேஷனில் பழகிய அந்த இளைஞர் 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். அப்போது வீடுகளில் வி.ஆர். பரவியிருக்கவில்லை. ஃபார்முலா 1 அணிகளும் தங்கள் தொழிற்சாலைகளில் ஓட்டுநரைச் சுற்றி வளைந்த பெருந்திரையில் படத்தைக் காட்டித்தான் சிமுலேட்டர் நடத்துகின்றன.

இப்போது வாங்கும் வரிசை. முதலில் ஒரே ஒரு 27 அங்குல 1080பி மானிட்டர், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும். 1440பி அழகுதான், ஆனால் மூன்று சேர்ந்தால் ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளிகள். உங்கள் கார்டு தாங்காது. அந்த ஒன்றில் சரியான கோணத்தோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். இன்னும் பக்கப் பார்வை வேண்டும் என்று தோன்றினால் அதே மாடலில் இரண்டு வாங்குங்கள். மாடல் மாறினால் நிறமும் விளிம்பும் ஒத்துவராமல் கண்ணை உறுத்தும். 60 சென்டிமீட்டரில் ஒவ்வொரு திரையும் 53 டிகிரி அடைக்கும், ஆகவே பக்கத் திரைகளையும் அதே 53 டிகிரி உள்நோக்கித் திருப்புங்கள். மொத்தம் ஏறக்குறைய 160 டிகிரி கிடைக்கும். ஹெட்செட் தருவது 110 டிகிரிதான். அமைப்பின் அகலம் நாலரை அடிக்குள் அடங்கிவிடும், உங்கள் அறைக்குத் தாராளம். விளையாட்டின் மூன்று திரை அமைப்பில் இந்த அளவுகளை டேப்பால் அளந்து அப்படியே கொடுங்கள், உத்தேசமாகக் கொடுக்காதீர்கள்.

ஸ்டாண்டை ஆன்லைனில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் ஸ்கொயர் பைப்பில் அடித்துத் தருவார்கள். மானிட்டரின் முதுகில் உள்ள நான்கு துளைகளின் இடைவெளியை அளந்து கொண்டுபோங்கள், பெரும்பாலும் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சதுரமாக இருக்கும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லுங்கள்: வீல் பூட்டிய மேசையோடு ஸ்டாண்ட் சேரக் கூடாது, தனியாகத் தரையில் நிற்க வேண்டும். சேர்ந்தால் வீல் அதிரும்போதெல்லாம் திரையும் அதிரும்.

இத்தனைக்கும் பிறகு உங்கள் எழுபதாயிரத்தில் கணிசமாக மீதி இருக்கும். அதை லோட் செல் பிரேக் பெடலுக்கு வையுங்கள். ஜி29-இன் பிரேக் கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது, லோட் செல் கால் எவ்வளவு அழுத்தியது என்பதை அளக்கிறது. நிஜக் காரின் பிரேக் இரண்டாவது வகை. சுற்று நேரத்தைச் சீராக்குவதில் எந்தத் திரையையும்விட இதற்குப் பங்கு அதிகம் என்பேன். கொஞ்சம் மிஞ்சினால் ஒரு யுபிஎஸ். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் இமைப்பொழுதில் கம்ப்யூட்டர் அணைந்து, கடைசிச் சுற்றில் பந்தயம் போவது பெரிய வேதனை.

ஹெட்செட் எப்போது சரி? கீழே குளிர்ச்சியான அறை கிடைத்து, கார்டும் ஒருநாள் மாறினால் தயங்காமல் வாங்குங்கள். மூன்று திரை வைக்க இடமே இல்லாதவர்களுக்கும், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூட வேண்டியவர்களுக்கும் நான் இன்றே ஹெட்செட்டைத்தான் சொல்வேன். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களின் கதையும் வேறு. கிரான் டூரிஸ்மோ 7 அதன் வி.ஆர். 2 ஹெட்செட்டில் 2023-இலிருந்து ஏறக்குறைய முழுமையாக ஓடுகிறது, மிகச் சிறந்த அனுபவம். பழைய ஹெட்செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது ஹெச்பி ரிவெர்ப் ஜி2-ஐக் காட்டினால் கவனம். அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டியை மைக்ரோசாஃப்ட் 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு நீக்கிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உதவும். எங்கே பார்ப்பது, பிரேக்கை எப்படி மெல்ல விடுவது, தவறிய வளைவை மறந்து அடுத்ததற்குத் தயாராவது எப்படி என்பதெல்லாம் அப்படியே கூட வரும். உடம்பு பக்கவாட்டில் இழுபடுவதும், ஹெல்மெட்டுக்குள் கொதிப்பதும், சுவரைப் பார்த்ததும் வயிற்றில் எழும் பயமும் எந்தக் கருவியிலும் வராது. அதற்குத் தடத்துக்குத்தான் போக வேண்டும். நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-க்குப் போனதும், கருண் சந்தோக் 2010-இல் போனதும் நம் மாநிலத்திலிருந்துதான். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தை நடத்துவது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். பந்தய உரிமம் தருவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்களின் கூட்டமைப்பு. அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பயிலுங்கள். அதற்கும் முன்னால், சென்னைப் பக்கம் போகும்போதெல்லாம் கோ-கார்ட் ஓட்டுங்கள். செலவு குறைவு, உடம்பு பழகும்.

பயிற்சிக்குப் போகிற நாளில், காருக்குள் உட்கார்ந்ததும் உங்கள் கண்ணுக்கும் வீலின் மேல்விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தையும், பானெட் எந்த உயரத்தில் தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து இருக்கையையும் நடுத் திரையையும் அந்த அளவுக்கு மாற்றுங்கள், பார்வைக் கோணத்தை மறுபடி கணக்கிடுங்கள், அதன் பிறகு ஓட்டுங்கள்.